கையால் ஓட்டிய நான்கு நிமிடங்கள்

2009 ஜூன் 1. ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிசுக்குக் கிளம்பிய ஏர் பிரான்ஸ் 447 விமானம், 228 பேருடன் அட்லாண்டிக் மீது பறந்துகொண்டிருந்தது. வேகத்தை அளக்க விமானத்தின் மூக்கருகே சிறு குழாய்கள் உண்டு. அவற்றைப் பனித்துகள்கள் அடைத்துக்கொள்ள, வேகம் புரியாத தானியங்கிக் கருவி பொறுப்பை விமானிகளிடமே விட்டுவிட்டு விலகிக்கொண்டது.

எஞ்சின்கள் நன்றாகவே ஓடின. வேகமானிகூட ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் சரியாகிவிட்டது. ஆனால் அத்தனை உயரத்தில் கையால் ஓட்டப் பயிற்சி பெறாத துணை விமானி, பதற்றத்தில் விமானத்தின் மூக்கை மேலே மேலே தூக்கினார். வேகமும் தாங்குவிசையும் குறைய, எச்சரிக்கை ஒலி மீண்டும் மீண்டும் அலறியது. நான்கு நிமிடங்கள் சொச்சத்தில் விமானம் கடலில் விழுந்தது.

ஒருவரும் பிழைக்கவில்லை.

பழியை விமானிகள் தலையில் மட்டும் கட்டுவது அநியாயம். கருவியை நம்பச் சொல்லியே அவர்களை வளர்த்தது விமானத் துறை. வழக்கமான பயணங்களில் கையால் ஓட்டவும் வாய்ப்புக் கொடுங்கள் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது 2013இல்தான்.

கருவியை நம்பி நம்பிக் கைத்திறன் மங்கிவிடுமோ என்ற கவலை இப்போது மருத்துவத்திலும் தலைதூக்கியிருக்கிறது. போலந்தில் பெருங்குடல் பரிசோதனை செய்யும் மருத்துவர்களுக்குச் செயற்கை நுண்ணறிவு துணைக்கு வந்தது. அதன்பின் அது இல்லாமல் செய்த பரிசோதனைகளில், புற்றுநோயாக மாறக்கூடிய கட்டிகளைக் கண்டறியும் விகிதம் 28 சதவீதத்திலிருந்து 22 ஆகச் சரிந்ததை 2025இல் வெளியான ஆய்வு காட்டியது. அதுவும் சில மாதப் பழக்கத்திலேயே.