யாரும் கூப்பிடாத பெயர்

அயர்லாந்தின் பழைய பெண்பெயர்களில் ஒன்று நீவ். ரோமன் எழுத்தில் ஐந்து எழுத்து. நாம் எழுத்துக்கூட்டினால் 'நியாம்' என்றுதான் வாயில் வரும். கடைசியில் நிற்கும் எம்மும் எச்சும் ஐரிஷ் மொழியில் சேர்ந்து 'வ்' ஆகிவிடும். ஒளி என்று பொருள். ஓஷீன் என்ற வீரனை வெள்ளைக் குதிரையில் ஏற்றி, முதுமையே இல்லாத நாட்டுக்கு அழைத்துப்போனவளின் பெயர். கார்க் நகரத்தில் வாழும் என் தங்கையும் அந்த ஊர்க்காரரான அவள் கணவரும் பிறக்கப்போகும் மகளுக்கு இதைத்தான் வைக்கப்போகிறார்கள். முதல் பெயர் அப்பா பக்கம் போனதால் நடுப்பெயர் எங்கள் பக்கத்துக்கு வந்தது. சொல்ல வேண்டியவன் தாய்மாமன்.

"நீவ் கூடச் சேர்ந்து வர்ற மாதிரி சின்னதா ஒண்ணு சொல்லுண்ணே. லீலா, மாயா, நிலா, இப்படி. நடுப்பேருதானே, யாரு கூப்பிடப் போறா?" என்றாள் தங்கை.

யாரும் கூப்பிடாத ஒன்றைப் பெயர் என்று சொல்லலாமா? பெயர் கூப்பிடுவதற்குத்தானே? கூப்பிடமாட்டோம் என்று தெரிந்தே ஒரு பெயரை வைக்கிறோம் என்றால் அது யாருக்காக? பிள்ளைக்காகவா, வைக்கிற நமக்காகவா?

ஐரிஷ் மரபுக்கே நடுப்பெயர் பழையதல்ல. 'மக்' என்றால் மகன், 'ஓ' என்றால் பேரன், வழித்தோன்றல். ஐரிஷ் பேசும் மேற்குக் கரையோர ஊர்களில் இன்றும் ஒருவரை அவர் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர் என்று அடுக்கிச் சொல்லும் வழக்கம் உண்டு. நம் இனிஷியல் மாதிரிதான், பின்னால் வருகிறது. நடுப்பெயர் வேறு வழிகளில் வந்தது. ஒரு வழி, மாதா கோவில். 1917-ல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, ஞானஸ்நானத்தில் கிறிஸ்தவப் பெயர் வைக்கப்படுவதைப் பங்குக் குரு கவனிக்க வேண்டும் என்றது. பெற்றோர் கேட்காவிட்டால் அவர்கள் வைத்த பெயரோடு ஒரு புனிதரின் பெயரையும் சேர்த்து இரண்டையும் பதிவேட்டில் எழுதச் சொன்னது. பழங்கதையிலிருந்து நீவ் என்று எடுத்தவர்கள் பக்கத்தில் ஒரு மேரியைச் சேர்த்தால் சாமியாருக்கும் திருப்தி, வீட்டுக்கும் திருப்தி. இன்னொரு வழி, பெற்றோரின் பெருமை. 1854-ல் பிறந்த ஆஸ்கர் வைல்டின் முழுப்பெயர் ஆஸ்கர் ஃபிங்கல் ஓ'ஃப்ளாஹெர்ட்டி வில்ஸ் வைல்ட். உலகத்துக்கு முதலும் கடைசியுமே போதுமாக இருந்தது.

இதையெல்லாம் பார்த்தால் தங்கை சொன்னது சரிதான் என்று தோன்றும். நடுப்பெயர் ஒரு பரண். தூக்கிப்போட மனசு வராததை ஏற்றி வைக்கிற இடம்.

ஆனால் கூப்பிடாமல் இருப்பதே மரியாதையாக இருந்த காலமும் அங்கே உண்டு. பாட்ரிக் என்ற பெயரைப் பல நூற்றாண்டுகள் ஐரிஷ்காரர்கள் பிள்ளைக்கு நேராக வைக்கத் தயங்கினார்கள். 'பாட்ரிக்கின் ஊழியன்' என்று பொருள்படும்படி கில்லா ஃபாட்ரிக் என்றார்கள். இன்றும் ஐரிஷ் மொழியில் மாதாவுக்கு முய்ரா, மற்ற மேரிகளுக்கு மாய்ரா. நம் வழி இதற்கு நேரெதிர். பிள்ளையைக் கூப்பிடுகிற சாக்கில் சாமியைக் கூப்பிட்டுவிடலாம் என்று சாமி பெயரையே வைக்கிறோம். சாகும்போது மகனை "நாராயணா" என்று கூப்பிட்டே கரையேறிய அஜாமிளன் நம் கதை. ஆக, வாயால் சொல்லாததாலேயே ஒரு பெயர் செத்துப்போவதில்லை. பயபக்தியில் சொல்லாமல் இருப்பது ஒன்று. தேவையில்லை என்று சொல்லாமல் விடுவது வேறொன்று.

எனக்கு முதலில் தோன்றியது எங்களை வளர்த்த ஆச்சியின் பெயர். குலதெய்வத்தின் பெயர்தான்: பேச்சி. தாத்தா அவளை "ஏட்டி" என்பார். ஊருக்கு இன்னார் வீட்டுக்காரி, எங்களுக்கு ஆச்சி. அந்தப் பெயரை யாராவது சத்தமாகச் சொல்லிக் கேட்டது ரேஷன் கடையிலும் ஓட்டுச்சாவடியிலும்தான். அதனால்தான் தங்கையின் கேள்வி என்னைத் தைத்தது. வாழ்நாள் முழுக்கக் கூப்பிடப்படாத ஒரு பெயரைக் கடல் தாண்டிக் கொண்டுபோய், அங்கேயும் யாரும் கூப்பிடாத இடத்தில் வைப்பது மரியாதையா? ஊர் அவளுக்குச் செய்ததைத்தானே நாமும் இன்னொரு தடவை செய்கிறோம்?

நீவுக்குப் பேச்சி பொருந்தாது என்பார்கள். பொருத்தம் பிறப்பிலேயே வருவதில்லை. ஷான் என்பதைவிட ஐரிஷ் பெயர் உண்டா? அது நார்மானியர்களோடு வந்த பிரெஞ்சு 'ஜான்'. ஷிவானும் அப்படியே. கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொந்தமானவை. அந்த மண்ணுக்குப் பெயரின் வலி தெரியாததும் அல்ல. 1905-ல் டொனகாலைச் சேர்ந்த நீல் மக் கில்லா வ்ரீஜ தன் வண்டியில் பெயரை ஐரிஷில் எழுதியதற்காக அபராதம் விதிக்கப்பட்டார். பெயர் படிக்கும்படி இல்லையாம். பின்னாளில் 1916 எழுச்சியை முன்னின்று நடத்திய பாட்ரிக் பியர்ஸ்தான் அவருக்காக வாதாடிய வழக்கறிஞர். தோற்றார்.

வலுவான மறுப்பு இன்னொன்று. ஆச்சிக்குக் கடன்பட்டது நானும் தங்கையும். கண்ணால் பார்க்காத ஒரு குழந்தை அதை ஏன் சுமக்க வேண்டும்? நியாயமான கேள்வி. கடனை நாம் தீர்க்காமல் பிள்ளையின் பாஸ்போர்ட்டில் எழுதி வைப்பது தப்பித்தல்தான். அதனால் என் முடிவு இது: பேச்சி என்று வைத்தால் நாங்கள் யாராவது அவளை அப்படிக் கூப்பிட வேண்டும். வாரத்துக்கு ஒருநாள் போனிலாவது. ஆச்சி யார் என்று அவளுக்குச் சொல்ல வேண்டும். முடியாதென்றால் லீலா போதும். எதுவும் வைக்காமல் விட்டாலும் குறையில்லை, பழைய ஐரிஷ்காரர்கள் அப்படித்தான் இருந்தார்கள்.

வளர்ந்தபின் அவள் அதை உதறிவிடலாம். அயர்லாந்தின் பிரதமராகவும் குடியரசுத் தலைவராகவும் இருந்த டி வலேரா 1882-ல் நியூயார்க் பிறப்புப் பதிவில் ஜார்ஜ், ஞானஸ்நானத்தில் எட்வர்ட், பிறகு ஏமன். பெயரை விடுவதும் எடுப்பதும் அவரவர் உரிமை. ஆனால் எதை விடுகிறோம் என்று தெரிந்து விட வேண்டும். அதற்கு யாராவது ஒருவர் அந்தப் பெயரைச் சொல்லி, அவள் ஒருதடவையாவது திரும்பிப் பார்த்திருக்க வேண்டும்.