மறைத்து உருட்டும் பகடை

அமெரிக்காவில் 1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் ஆக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் கதையாட்டத்தை இன்று ஈண்டு வளரும் நம் பிள்ளைகள் சிலரும் ஆடுகின்றனர். ஒருவர் கதையை நடத்துவார்; ஏனையோர் அதன் மாந்தராய் உலவுவர். அவர்தம் வாழ்வும் சாவும் பகடையின் வசம். ஆட்டத் தலைவரோ அட்டைத் தடுப்பின் பின்னே அதனை உருட்டுகிறார். சாவு விழுந்தாலும், இரங்கி, 'பிழைத்தாய்' என்று கூறிவிட அவரால் இயலும். அப்பொய் தகுமா?

கைகாக்ஸ் 1979-இல் ஆட்டத் தலைவர்களுக்கென எழுதிய நூல் அவ்வுரிமையை நல்கவே செய்கிறது. ஒட்டுக்கேட்டல், மறைகதவு தேடல் ஆகியவற்றுக்கு மறைத்தே உருட்டச் சொல்கிறது. இது முறையே. ஓசை கேளாவிடில், அப்பால் எவருமில்லையா, தன் செவிதான் தவறியதா என்று ஆடுபவன் அறியலாகாது. இங்கு எண் மறைகிறது, மாறுவதில்லை.

சாவைத் திருத்துவது வேறு. அதற்குரிய பகடை அனைவர் கண்ணெதிரே உருளவேண்டும் என்பதே நம் துணிபு. முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு (கி.பி. 921) குடவோலையைச் சபை நடுவே சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் சொல்கிறது, அதை வாங்குபவர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் ஏற்கவேண்டுமாம். எத்துணை எச்சரிக்கை!

ஆயினும் இரங்குவோரை இகழ மனம் வரவில்லை. தாயத்தில் மகளிடம் வேண்டுமென்றே பலகால் தோற்றவர் நாம். ஒருநாள் அவள் உண்மையாகவே வென்றாள். "விட்டுக் கொடுத்தீர்களா, அப்பா?" என்றாள். இல்லையென்றோம். அவள் நம்பவில்லை.