இணையம்: பழக்கமா, அடிமைத்தனமா?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

சென்ற வாரம் இஷாவுக்குப் பின் ஒரு தகப்பனார் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், என் மகன் எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறான். நெட்டுக்கு அடிமையாகிவிட்டான். ஏதாவது துஆ சொல்லிக் கொடுங்கள்" என்றார். நாங்கள் பேசிய பத்து நிமிடத்தில் அவருடைய போன் நான்கு முறை ஒலித்தது. நான்கு முறையும் எடுத்துப் பார்த்தார். அவரைப் பற்றி நினைத்தபடியே வீட்டுக்கு நடந்த நானும் போனை எடுத்தேன். வாசல் வரும் வரை கீழே வைக்கவில்லை. ஆகவே இன்றைய பயான் உங்களுக்கு முன் எனக்குத்தான்.

சகோதரர்களே! அதிக நேரம் இணையத்தில் இருப்பவர் எல்லாம் அடிமையா? உலக சுகாதார அமைப்பு 2019-இல் ஏற்று, 2022 முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் கட்டுமீறிய வீடியோ கேம் விளையாட்டு ஒரு கோளாறாகச் சேர்க்கப்பட்டுள்ளது. பொதுவான இணையப் பயன்பாடு அதில் தனி நோயாக இடம்பெறவில்லை. கேம் விஷயத்திலும் இத்தனை மணி நேரம் என்று கணக்குச் சொல்லவில்லை. மூன்று அடையாளங்களைச் சொல்கிறார்கள்: நிறுத்த நினைத்தும் கட்டுப்படுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும் விட அதுவே முக்கியமாகிவிடுவது, கெடுதி கண்ணெதிரே தெரிந்தும் தொடர்வது. இந்நிலை பெரும்பாலும் ஓராண்டாவது நீடித்திருக்க வேண்டும்.

எனவே மணிக்கணக்கை மட்டும் பார்த்து யாரையும் அடிமை என்று முத்திரை குத்தாதீர்கள். வளைகுடாவில் உழைக்கும் ஒருவர் இரவில் இரண்டு மணி நேரம் வீடியோ காலில் மனைவி மக்களோடு பேசுகிறார். அது உறவைப் பேணுவது. இன்னொருவர் அரை மணி நேரம்தான் பார்க்கிறார்; ஆனால் அது ஃபஜ்ருடைய அரை மணி நேரம். இருவரில் யாருக்காகக் கவலைப்பட வேண்டும்?

மது தடை செய்யப்பட்ட வரலாற்றை நினைத்துப் பாருங்கள். முதலில் அதன் பலனை விடப் பாவமே பெரிது என்று அல்லாஹ் உணர்த்தினான். பிறகு போதையோடு தொழுகையை நெருங்கக் கூடாது என்றான். கடைசியில்தான் முழுமையாகத் தடுத்தான். அந்த இறுதிக் கட்டளை சூரா அல்மாயிதாவில் இருக்கிறது. மதுவையும் சூதையும் கொண்டு ஷைத்தான் நம்மிடையே பகையை மூட்டுகிறான். இறைவனின் நினைவை விட்டும் தொழுகையை விட்டும் நம்மைத் திருப்புகிறான் என்று அங்கே காரணம் சொல்லப்படுகிறது. போன் மதுவைப் போல ஹராம் அல்ல. ஆனால் அந்த வேலையை அது நம் வீட்டில் செய்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம் அல்லவா?

அந்தச் சோதனை தினமும் ஐந்து முறை நமக்கு வருகிறது. பாங்கு ஒலிக்கிறது. கை போனை வைக்கிறதா, "இந்த ஒரு வீடியோ முடியட்டும்" என்கிறதா? எந்த மருத்துவரிடமும் போகாமலே நம் நஃப்ஸின் நிலை அங்கே தெரிந்துவிடும்.

இதில் இரண்டு சாக்குகள் உண்டு. "நான் ஒன்றும் அடிமை இல்லை" என்று சொல்லித் தப்பிப்பவர் ஒருவர். "நான் அடிமை, என்னால் முடியாது" என்று கைவிரிப்பவர் இன்னொருவர். ஆயுளை எப்படிக் கழித்தாய் என்ற மறுமைக் கேள்விக்கு இரண்டுமே பதிலாகாது. உண்மையிலேயே மீள முடியாதவர் வெட்கப்படாமல் சிகிச்சை பெறட்டும். பெங்களூரு நிம்ஹான்ஸில் 2014 முதலே இதற்கென்று தனிப் பிரிவு இயங்குகிறது. நோய்க்கு மருந்து தேடுவது நபிவழிதான்.

மற்றவர்கள் இன்றிரவே தொடங்குவோம். படுக்கை அறைக்குள் போன் வேண்டாம். பாங்கு கேட்டதும் போனை வைத்துவிட்டு எழுவோம். சாப்பாட்டு ஸஹனைச் சுற்றி உட்காரும்போது முதலில் தகப்பன் தன் போனைத் தள்ளி வைக்கட்டும். பிறகு மகனிடம் சொல்லட்டும். என்னிடம் வந்த அந்தத் தகப்பனாருக்கும் இதைத்தான் சொல்லப்போகிறேன்.

யா அல்லாஹ்! எங்கள் நேரத்தில் பரக்கத் செய்வாயாக! எங்கள் பிள்ளைகளுக்கு முன் எங்களைச் சீர்படுத்துவாயாக! ஆமீன்.