கோடி ரூபாய் ஸ்பீக்கரில் என்ன பாட்டு?

கோடி ரூபாய் கொடுத்து ஸ்பீக்கர் வாங்குகிறவர் அதில் என்ன பாட்டுக் கேட்பார்? மியூனிக் ஆடியோ கண்காட்சியில் அறை அறையாக ஏறி இறங்கியபோது என்னைத் துரத்திய கேள்வி இதுதான்.

'ஹை எண்ட்' என்று அதற்குப் பெயர். ஒலிப்பித்தர்களுக்கு அது குலதெய்வக் கோயில் திருவிழா மாதிரி. கொரோனா ஆண்டுகள் நீங்கலாக, 2004 முதல் 2025 வரை ஆண்டுதோறும், பெரும்பாலும் மே மாதத்தில், மியூனிக்கின் எம்ஓசி கட்டடத்தில் நடந்தது. பிறகு வியன்னாவுக்கு இடம் மாறிவிட்டது. மியூனிக்கில் நடந்தவரை, கீஃபர்ன்கார்டன் ஸ்டேஷனில் இறங்கிய கூட்டத்தின் பின்னால் நடந்தாலே போதும், வழி கேட்கத் தேவைப்படவில்லை. பெரும்பாலும் ஐம்பதைக் கடந்த ஆண்கள். உச்சமான ஒலிகள் காதை விட்டு ஒவ்வொன்றாக விலகத் தொடங்கியிருக்கும் வயது. 20,000 ஹெர்ட்ஸையும் தாண்டி ஒலிக்கிற ஸ்பீக்கரை வாங்கப் பணம் சேர்ந்திருக்கும்போது, அதில் பாதியைச் சற்றுத் தாண்டினாலே பலருடைய காது கைவிரித்திருக்கும். அங்கே இதைப் பற்றி யாரும் பேச்செடுப்பதில்லை.

கருவிகளைக் குறை சொல்ல மனம் வராது. பிரான்ஸின் ஃபோகல் நிறுவனம் செய்யும் 'கிராண்ட் உட்டோபியா' ஸ்பீக்கர் ஒன்று 265 கிலோ. ஆள் உயரத்தை மிஞ்சி நிற்கும். கீச்சொலிகளுக்குப் பெரிலியம் என்ற அரிய உலோகத்தில் செய்த மெல்லிய குமிழ், அடி ஒலிகளுக்கு மின்காந்தத்தால் இயங்கும் வூஃபர். ஒரு ஜோடியின் விலை கோடியைத் தாண்டும். பவர்ஸ் அண்ட் வில்கின்ஸின் 'நாட்டிலஸ்' 1993இல் வந்தது. பார்ப்பதற்கு ராட்சத நத்தை. அந்தச் சுருள் அலங்காரத்துக்காக வைத்ததல்ல. ஸ்பீக்கரின் பின்பக்கம் எழும் ஒலி பெட்டிக்குள் மோதித் திரும்பிவந்து முன்பக்கத்து ஒலியைக் கலக்காமல் இருக்க, குறுகிக்கொண்டே போகும் குழாய்க்குள் அதை அனுப்பி அடக்கிவிடுகிறார்கள். ஒரு ஜோடியை ஓட்ட எட்டு சேனல் ஆம்ப்ளிஃபையர் வேண்டும். ஒரு சிறு மாசை நீக்க இத்தனை பாடுபடுகிற மனிதர்கள்மேல் மரியாதை தவிர வேறென்ன வரும்?

சங்கடம் அவர்கள் போடுகிற பாட்டில் இருக்கிறது. ஓர் அறையில் டயானா க்ரால் பியானோவோடு பாடுகிறார். அடுத்த அறையில் ஈகிள்ஸ் குழு 1994இல் மேடையில் வாசித்த 'ஹோட்டல் கலிஃபோர்னியா'. அதற்கடுத்த அறையில் நில்ஸ் லோஃப்க்ரெனின் கிடார். மாடி ஏறினால் மறுபடி 'ஹோட்டல் கலிஃபோர்னியா', அதன் தொடக்கத்தில் வயிற்றில் வந்து மோதும் அதே தாளம். எல்லாமே துல்லியமான ஒலிப்பதிவுகள். கம்பியில் விரல் வழுக்குவது, பாடகி மூச்சிழுப்பது, கூடத்தின் அகலம் எல்லாம் கேட்கும். ஸ்பீக்கரின் சாமர்த்தியத்தைக் காட்டத் தோதான பாட்டுகள் என்பதால் அவற்றுக்கு அங்கே இடம். பாட்டைக் கேட்கக் கருவி என்பது போய், கருவியைக் கேட்கப் பாட்டு என்றாகிவிட்டது.

கூட்டம் குறைவாயிருந்த ஓர் அறையில், "உங்களுக்கு ஏதாவது போடட்டுமா?" என்று கேட்டார் அங்கிருந்தவர். நாகஸ்வர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி என்றேன். பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னதும் டேப்லெட்டில் தேடி எடுத்துவிட்டார். பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்த பிரதி. முதலில் வந்தது கரகரப்பு. அவ்வளவு சுத்தமான கரகரப்பை நான் வேறெங்கும் கேட்டதில்லை! முன்வரிசையில் இருந்த இருவர் எழுந்து போனார்கள். பிறகு நாகஸ்வரம் எழுந்தது. மூன்று நிமிடச் சொச்சத்தில் ஒரு பக்கம் முடிந்துவிடுகிற அந்தத் தட்டுக்குள் இவ்வளவு பெரிய ராகத்தை எப்படி அடைத்தார் என்று வழக்கம்போல வியந்தேன். "இது என்ன வாத்தியம்? இவ்வளவு சத்தமாகவா வாசிப்பார்கள்?" என்றார் அவர். கோயில் வீதியில் வாசிப்பது என்றேன். இன்னொரு முறை போட்டுக் கேட்டுவிட்டு, அடுத்த வாடிக்கையாளர் வந்ததும் 'ஹோட்டல் கலிஃபோர்னியா'வுக்குத் திரும்பினார். அவர் பிழைப்பு அது.

கருவிக்கேற்பப் பாட்டைத் தேர்ந்தெடுக்கும் இந்தப் பழக்கம் கண்காட்சியோடு நின்றால் பேச ஒன்றுமில்லை. வீட்டுக்கும் வந்துவிடுகிறது. எனக்குத் தெரிந்த ஒருவர், அறுபதுகளின் சினிமாப் பாட்டு என்றால் உயிரை விடுவார். நல்ல செட் வாங்கினார். பிறகு இன்னும் நல்லது. இப்போது அந்தப் பாட்டுகளைக் கேட்பதே இல்லை. "பதிவு கேவலம், தாங்க முடியலை" என்கிறார். வீட்டில் நார்வே நாட்டு ஜாஸ் ஒலிக்கிறது. அதில் ஒருவர் பெயரும் அவருக்குத் தெரியாது. குறைகளைக் காட்டிக்கொடுப்பதே உயர்ந்த ஸ்பீக்கரின் பெருமை. அப்படிக் காட்டிக் காட்டியே அவருடைய பாதி வாழ்க்கையின் பாட்டுகளைப் பறித்துவிட்டது.

அத்தனை நுட்பமாகக் காது கேட்கிறதா என்றால், அதுவும் சந்தேகம். ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற ஒலியியல் அறிஞர்கள் இருவர் 1994இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே ஸ்பீக்கர்களை ஒரே ஆட்களுக்குத் திரை மறைவில் ஒரு முறையும் கண்முன்னே ஒரு முறையும் ஒலிக்கவிட்டார்கள். பார்த்துக் கேட்டபோது, பெரியதும் விலையுயர்ந்ததுமான பெட்டிகளுக்கு மதிப்பெண் ஏறியது. சிறிய, மலிவான செட்டுக்கு இறங்கியது. கேட்டவர்கள் ஹார்மன் என்ற ஆடியோ நிறுவனத்தின் ஊழியர்கள். தொழில் தெரிந்தவர்களுக்கே கண் முந்திக்கொண்டது.

அதற்கும் முன்பே எடிசன் கம்பெனி இதைவிடப் பெரிய வேடிக்கை காட்டியது. 1915 தொடங்கி ஊர் ஊராக அரங்கம் கூட்டி, ஒரு பாடகியை அவருடைய இசைத்தட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பாடவைத்தார்கள். விளக்கை அணைத்துவிட்டு, பாடுவது ஆளா இயந்திரமா என்று சபையைக் கேட்டார்கள். தெரியவில்லை என்று வியந்தது சபை. மின்சார ஒலிப்பதிவே வராத காலம் அது! அந்த மேடைகளில் பாடிய ஆன்னா கேஸ், இசைத்தட்டின் அளவுக்குத் தன் குரலை அடக்கிப் பாடியதாகப் பிற்காலத்தில் சொல்லிவிட்டார். ஆனாலும் அந்த மக்கள் பொய்யாக ரசிக்கவில்லை. அந்தந்தக் காலத்துக் கருவியிலேயே மனிதன் முழு இன்பத்தையும் அடைந்திருக்கிறான். குறை என்பது அடுத்த மாடல் வந்த பிறகு தெரியவருவது.

குறை பொறுக்காத ஒலிப்பித்தர்களுக்கு நேரெதிரான ரசிகர்களும் உண்டு. வானொலிக் கச்சேரிகளை ஸ்பூல் டேப்பில் பதிந்து, அதைக் கேசட்டில் பிரதியெடுத்து, பிரதிக்குப் பிரதியெடுத்துக் கைமாற்றிக்கொண்ட கர்நாடக சங்கீதப் பித்தர்கள். இரைச்சலுக்கு நடுவே பாடகர் ஜி.என்.பி.யின் மின்னல்வேகப் பிருகா ஒன்று எந்த இடத்தில் திரும்புகிறது என்று சொல்லிவிடுவார்கள். அவர்களிடம் இருந்தது மட்டமான செட். ஆனால் அந்தக் காது எத்தனை கோடி பெறும்? இரைச்சல் அவர்களுக்குக் கேட்காமல் இல்லை. அதைத் தாண்டிப் போகத் தெரிந்திருந்தது.

ரசனை கூர்மையாக வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். எந்தப் பக்கம் கூர்மை என்று கேட்பதில்லை. குறை கண்டுபிடிக்கிற கூர்மை ஒன்று. குறைக்கு நடுவிலும் நல்லதைத் தேடி எடுக்கிற கூர்மை இன்னொன்று. முதலாவதைக் காசு கொடுத்து வாங்கலாம், வாங்கிய கையோடு நம் உலகம் கொஞ்சம் சுருங்கும். இரண்டாவதற்குக் காலம் பிடிக்கும், அது வளர வளர உலகம் விரியும். நல்ல காப்பி பழகியவர் ரயில் காப்பியைத் தொடுவதில்லை. ஏசியில் பழகியவர் சொந்த ஊர் வீட்டில் ஓர் இரவு தங்குவதில்லை. வசதி வேண்டாம் என்று சொல்ல நான் துறவி இல்லை. மியூனிக்கில் கேட்டவற்றில் சில இன்னும் காதில் இருக்கின்றன. ஆனால் ஒரு வசதி வீட்டுக்குள் வரும்போது, நமக்குப் பிடித்தவற்றில் எது வெளியே போகிறது என்று கணக்குப் பார்ப்பது நல்லது.

ஆகவே, ஸ்பீக்கர் வாங்கப் போனால் கடைக்காரர் போடும் பாட்டைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். உங்களிடம் உள்ளதிலேயே பதிவு மோசமான, ஆனால் நீங்கள் உயிராய் நினைக்கிற பாட்டைக் கொண்டுபோய்ப் போடச் சொல்லுங்கள். முகம் சுளிக்காமல் அதை முழுதாகக் கேட்க முடிந்தால் அந்த ஸ்பீக்கரை வாங்குங்கள். எட்டாயிரமோ எட்டு லட்சமோ, அது உங்கள் சௌகரியம்.