வேடம் கலைக்கும் பொறுப்பு

நடிகர் தன் உடலையும் குரலையும் கூலிக்குத் தருகிறார். கதை துயரமானதாக இருந்தால் மனத்தையும் சேர்த்தே தர வேண்டியிருக்கிறது. உடலுக்கு அடிபட்டால் மருத்துவச் செலவைத் தயாரிப்பாளர் ஏற்க வேண்டும் என்பதில் இன்று யாருக்கும் ஐயமில்லை. மனத்துக்கு அடிபட்டால் மட்டும் அதைக் கலையின் விலை என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். அந்த விலையை யார் கொடுக்கிறார், யார் வாங்கிக்கொள்கிறார் என்பதுதான் இங்கே கேள்வி.

மலேசியாவின் பினாங்கில் உள்ள ஜார்ஜ் டவுன் தெருக்களில் படமான இரண்டு திரைப்படங்கள் இந்தக் கேள்வியைத் தங்கள் கதைக்குள்ளேயே வைத்திருக்கின்றன. முதலாவது, ஆங் லீ இயக்கிய 'லஸ்ட், காஷன்' (2007). ஐலீன் சாங்கின் சிறுகதை அதற்கு மூலம். ஜப்பானியர் காலத்து ஹாங்காங்கும் ஷாங்காயும் கதைக்களம். பழைய ஹாங்காங்கைத் தேடிய படக்குழுவுக்குப் பினாங்கின் கடைவீடுகளும் ஈப்போவும் கைகொடுத்தன. கல்லூரி நாடகக் குழு ஒன்று மேடையை விட்டு உளவு வேலையில் இறங்குகிறது. ஜப்பானியருக்குத் துணைபோகும் அதிகாரி ஒருவரை மயக்கிக் கொலைக்களத்துக்கு அழைத்து வருவதற்காக, அந்தக் குழுவின் மாணவி வணிகரின் மனைவியாக வேடமிடுகிறாள். நடிப்பு எங்கே முடிகிறது, தன் உணர்வு எங்கே தொடங்குகிறது என்று அவளுக்கே தெரியாமல் போகிறது. கடைசி நொடியில் அந்த மனிதனைத் தப்பவிடுகிறாள். அவளும் தோழர்களும் கொல்லப்படுகிறார்கள். அவளை அந்த வேடத்துக்குள் அனுப்பியவர்களில் ஒருவர்கூட அவள் திரும்பி வரும் வழியைப் பற்றி யோசித்திருக்கவில்லை.

அந்தப் பாத்திரத்தை ஏற்ற டாங் வெய்க்கு அதுதான் முதல் பெரிய படம். படுக்கையறைக் காட்சிகள் கடுமையானவை. படம் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் விருதைப் பெற்றது. அடுத்த ஆண்டே சீன ஊடகங்களில் அவர் முகம் காட்டத் தடை வந்தது; அவர் நடித்த அழகுசாதன விளம்பரமும் நிறுத்தப்பட்டது. அதே காட்சிகளில் உடன் நடித்த டோனி லியுங்குக்கு அப்படி எதுவும் நேரவில்லை. ஒரு பாத்திரத்தின் சுமை படப்பிடிப்போடு தீர்ந்துவிடுவதில்லை என்பதற்கும், இருவர் சேர்ந்து செய்ததற்கு ஒருவரே தண்டனை பெற முடியும் என்பதற்கும் இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இளையவர், புதியவர், பெண் என்ற மூன்றும் சேருமிடத்தில் சுமை இரட்டிப்பாகிறது.

இரண்டாவது படம் பினாங்கின் சொந்தப் படம். சாவ் தியோங் ஹின் இயக்கி 2017இல் வெளியான 'யூ மீன் தி வேர்ல்ட் டு மீ' முழுக்கப் பினாங்கு ஹொக்கியன் மொழியில் எடுக்கப்பட்டது. ஒளிப்பதிவு கிறிஸ்டோபர் டாய்ல். நாடகமாக மேடையேறிய பிறகே அது படமானது. திரைப்பட இயக்குநர் ஒருவர் பினாங்குக்குத் திரும்பி வந்து தன் குடும்பத்தின் பழைய காயங்களைப் படமாக்க முயல்கிறார் என்பது கதை. அது சாவ் தியோங் ஹினின் வாழ்க்கையைத் தழுவியது. இங்கே நடிகரின் நிலை இன்னும் நுட்பமானது. அம்மாவாக நடிப்பவர், அந்த அம்மாவின் மகன் காமிராவுக்குப் பின்னால் நிற்கும்போது அழ வேண்டும். அழுகை சரியாக வந்ததா என்பதை அளக்க இயக்குநரிடம் இருப்பது அவருடைய நினைவு. அதோடு எந்த நடிகரும் வாதாட முடியாது. சொந்த வாழ்வைப் படமாக்கும் எவரும், தான் ஆற்றிக்கொள்ள வந்த புண்ணுக்கு நடிகரின் மனம் மருந்தல்ல என்பதைத் தினமும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அந்த எல்லையைத் தெரிந்தே மீறியதற்குத் திரை வரலாறு தரும் பெயர் 'லாஸ்ட் டேங்கோ இன் பாரிஸ்' (1972). பாலியல் வன்முறைக் காட்சி ஒன்றில் என்ன நடக்கப்போகிறது என்ற விவரத்தை இயக்குநர் பெர்தோலூச்சியும் உடன் நடித்த மார்லன் பிராண்டோவும் 19 வயது நடிகை மரியா ஷ்னைடரிடமிருந்து மறைத்தார்கள். நடிகையின் நடிப்பு தனக்கு வேண்டியிருக்கவில்லை, ஒரு பெண்ணின் அவமானமே வேண்டியிருந்தது என்று 2013இல் பெர்தோலூச்சி விளக்கினார். அந்த விளக்கமே குற்றத்தை நிறுவிவிடுகிறது. நடிப்பை வேண்டாமென்று ஒதுக்கியவர், நடிக்க வந்தவரிடமிருந்து வேறெதையோ கேட்காமல் எடுத்திருக்கிறார். ஷ்னைடர் ஒப்புக்கொண்டது நடிப்பதற்கு, அவமானப்படுவதற்கு அல்ல. படம் எவ்வளவு உயர்ந்ததானாலும் இந்தக் கணக்கு மாறாது.

இதற்கு எதிர்வாதம் உண்டு. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஏமாற்றப்படாமல், தாமே விரும்பித் துயரத்தில் இறங்கும் நடிகர்கள் இருக்கிறார்கள். இந்தி நடிகர் திலீப் குமார் அப்படிப்பட்டவர். அடுத்தடுத்து சோக நாயகனாக நடித்து மனம் தளர்ந்தபோது, மனநல மருத்துவர் அவரை இலகுவான வேடங்களுக்கு மாறச் சொன்னார். அதன்படி அவர் ஏற்ற படங்களில் ஒன்று 'ஆசாத்' (1955). விரும்பி ஏற்ற துயரமும் உடைக்கும் என்பதை அவர் வாழ்வு காட்டுகிறது. ஆனால் மருத்துவரைத் தேடிப் போகவும், வேடத்தை மாற்றிக்கொள்ளவும் உச்ச நட்சத்திரத்தால் முடிந்தது. நாலைந்து நாள் கால்ஷீட்டில் வந்துபோகும் துணை நடிகருக்கு அந்தத் தெரிவு கிடையாது.

உண்மையில் துன்புற்றால்தான் உண்மையாக நடிக்க முடியும் என்பதும் முடிந்த முடிவல்ல. உணர்ச்சியில் மூழ்காமல் அதைக் காட்டுபவரே தேர்ந்த நடிகர் என்று 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுச் சிந்தனையாளர் தீதரோ வாதிட்டார். சொந்த நினைவின் வலியைத் தோண்டியெடுக்கும் முறையை நியூயார்க்கில் லீ ஸ்ட்ராஸ்பெர்க் வளர்த்தார். 1934இல் பாரிஸில் ரஷ்ய நாடக மேதை ஸ்தனிஸ்லாவ்ஸ்கியை நேரில் சந்தித்துத் திரும்பிய ஸ்டெல்லா அட்லர், கற்பனையும் கதைச் சூழலுமே போதும் என்று ஸ்ட்ராஸ்பெர்க்கை மறுத்தார். தாயின் மரணத்தை நினைத்து முதல் டேக்கில் அழுபவர் எட்டாவது டேக்கில் என்ன செய்வார்? கைத்திறன் இல்லாத இடத்தைத்தான் பெரும்பாலும் காயம் நிரப்புகிறது.

வேடத்திலிருந்து நடிகரைப் பிரித்து மீட்க வேண்டும் என்பதைப் பழைய மேடை அறிந்திருந்தது. தெருக்கூத்தில் துகிலுரிதல் காட்சி வரும்போது துச்சாதனன் வேடக்காரர் ஆட்டத்தை நிறுத்திக் கற்பூரம் ஏற்றித் திரௌபதியம்மனிடம் மன்னிப்புக் கேட்பார். தான் வேறு, தன் வேடம் வேறு என்று ஊரறியச் சொல்லிவிட்டுத்தான் சேலையில் கை வைப்பார். பினாங்குத் தமிழர் தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் காண்பதும் இதை ஒத்ததே. அருள் வந்தவரைத் தனியே விடுவதில்லை. தாங்கிப் பிடிக்க இருபுறமும் ஆள் நிற்கும். காவடி இறங்கியதும் திருநீறு பூசி நிதானத்துக்குக் கொண்டுவருவது பெரியவர் ஒருவரின் கடமை. சினிமாவில் அந்தப் பெரியவர் இல்லை. காட்சிகள் முன்னும் பின்னுமாகத் துண்டுதுண்டாக எடுக்கப்படுகின்றன. மகன் செத்த காட்சி காலையிலும், அவன் திருமணக் காட்சி மாலையிலும் வரலாம். பேக்கப் சொன்னதும் விளக்குகளை எண்ணி வண்டியில் ஏற்றுகிறார்கள். அழுது முடித்தவர் தானே வீட்டுக்குப் போகிறார்.

அண்மை ஆண்டுகளில் சில ஏற்பாடுகள் வந்துள்ளன. நெருக்கமான காட்சிகளை முன்கூட்டியே நடிகரோடு பேசி வகுத்து, படமாகும்போது உடனிருக்கும் ஒருங்கிணைப்பாளரை அமெரிக்கத் தொலைக்காட்சி 2018 முதல் அமர்த்தத் தொடங்கியது. சிறுவர் நடிப்பதை மலேசியாவின் 1966ஆம் ஆண்டுச் சட்டம் உரிமத்தின்கீழ் அனுமதிக்கிறது. ஆனால் அடிவாங்கும் பிள்ளையாக நடித்த சிறுவனுக்கு அது விளையாட்டுத்தான் என்று அன்று மாலை யார் விளங்க வைப்பது என்பதை உரிமத் தாளால் சொல்ல முடியாது.

மலேசியத் தமிழ்ப் படங்களின் செலவுக் கணக்கு சிறியது, படப்பிடிப்பு நாட்களும் குறைவு, நடிகர் பலருக்குப் பகலில் வேறு வேலை என்று இத்தகைய ஏற்பாடுகள் இல்லாததற்குச் சொல்லப்படும் காரணங்கள் உண்மையானவை. ஆயினும் அந்த ஏற்பாடுகளில் பெரும்பகுதிக்குப் பணம் தேவையில்லை. காட்சியின் முழு விவரத்தையும் ஒப்பந்தத்துக்கு முன்பே சொல்லலாம். படப்பிடிப்பின் நடுவிலும் மறுக்க உரிமை உண்டு என்று எழுதித் தரலாம். கடுமையான காட்சிக்குப் பின் அரை மணி நேரம் ஒதுக்கி, பொறுப்பான ஒருவரை உடன் உட்கார வைக்கலாம். அந்த அரை மணி நேரத்தைக் கால்ஷீட்டுக்குள் சேர்ப்பது தயாரிப்பாளரின் வேலை. அதை வெட்டாமல் காப்பது இயக்குநரின் வேலை.