தண்ணீர் தெளித்துப் பாருங்கள்

குப்பனூரிலிருந்து கொட்டச்சேடு வழியாக ஏற்காடு ஏறுகிறவர்கள் பெரும்பாலும் போய் நிற்கும் இடம் ஏரிக்கரைப் படகுத்துறை. அங்கே நிற்பது போன்ற ஃபைபர் படகு பழசாகும்போது மேற்பூச்சு வெளுத்துவிடும். தடவினால் விரலில் சுண்ணாம்பு மாதிரி தூள் ஒட்டும். உடனே பெயிண்ட் டப்பாவைத் திறப்பது நம் பழக்கம். கெட்டது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று யார் பார்க்கிறார்கள்?

வெளுத்த இடத்தில் ஒரு கை தண்ணீர் தெளியுங்கள். நனைந்ததும் பழைய சிவப்போ நீலமோ பளிச்சென்று தெரிந்தால் நிறம் உள்ளேதான் இருக்கிறது. புற ஊதாக் கதிர் மேலாக உள்ள பிசினை மட்டுமே அரித்திருக்கிறது. (ஏற்காட்டின் சுமார் 1500 மீட்டர் உயரத்தில் அந்தக் கதிருக்கு வீரியம் கூடுதல். மலை குளிர்கிறதே என்று ஏமாறக் கூடாது.)

ஜெல்கோட் என்னும் இந்தப் பூச்சின் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். படகு செய்யும்போது அச்சில் முதலில் பூசுவது இதைத்தான்; கண்ணாடி இழையும் பிசினும் அதன் மேல்தான் ஏறும். ஆகவே 800, 1000, 1500 என்று வாட்டர் பேப்பரை மாற்றி மாற்றி, ஈரத்தோடு, நிதானமாகத் தேய்க்க வேண்டும். பிறகு ரப்பிங் காம்பவுண்ட், கடைசியில் மெழுகு. விளிம்புகளில் பாலிஷ் மெஷினை அழுத்திப் பிடித்தால் சீக்கிரமே இழை பல்லிளிக்கும். அப்புறம் புது ஜெல்கோட்தான். மெழுகை மட்டும் சோம்பல்பட்டு விட்டுவிட்டால், வெயில் மறுபடி வேலையைத் தொடங்கிவிடும்.