கதவைச் சாத்தியவர் யார்?

குயில் கூடு கட்டுவதில்லை. காகத்தின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் பறந்துவிடும். பிரித்தானியாவில் போதைப்பொருள் விற்பவர்கள் முதியவர், நோயாளி, தனித்திருப்பவர் ஆகியோரின் வீடுகளில் நட்போடு நுழைந்து, பின்னர் அவற்றைத் தமது கிடங்காக்கிக் கொள்வதற்குக் குயிலினத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அதைத் தனிக் குற்றமாக்கும் சட்டமூலமொன்று 2025 இல் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு வந்தது.

யாழ்ப்பாணத்தில் இதற்குப் பெயரில்லை. ஆனால் நிலம் பண்பட்டுக் கிடக்கிறது. பாக்கு நீரிணையைக் கடந்து கேரளக் கஞ்சா கரையிறங்குகிறது. ஹெரோயினும் ஐஸும் ஒழுங்கைகள் வரை வந்துவிட்டன. பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும் இருக்க, பெரிய வளவுகளில் தனித்துப்போன தாய்மார் எத்தனை பேர்! சோனகத்தெருவிலோ 1990 ஒக்டோபர் 30 இல் விட்டுப் போன வீடுகள் பல இன்னும் முழுதாய் ஆள் சேரவில்லை.

ஒரு தாயை நினைத்துப் பார்ப்போம். தண்ணீர் அள்ளித் தரவும் மருந்து வாங்கித் தரவும் ஓர் இளைஞன் வருகிறான். பிறகு அவனுடைய கூட்டாளிகள். பிறகு பின்னறைக்குப் பூட்டு. அவளுக்குப் புரிகிறது, ஆனால் அவர்கள் போய்விட்டால் தண்ணீர் அள்ளித் தர எவருமில்லை. படலையைத் தாண்டி இரவில் ஆட்கள் வந்து போவதை அயலவர் காண்கின்றனர். அவர்கள் என்ன செய்ய வேண்டும்?

"அந்தக் காலத்தில் இதெல்லாம் நடக்குமா?" என்று பெருமூச்சு விடுபவர்கள் உண்டு. அந்தக் காலத்தில் 'சமூக விரோதி' என்று அட்டை எழுதி மின்கம்பத்தில் கட்டிச் சுட்டார்கள். விசாரித்தவர் யார், சாட்சி சொன்னவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. சந்தேகமே தீர்ப்பாகிய அந்தப் பழக்கம்தான், பின்பொருநாள் இரண்டு மணி நேர அவகாசத்தில் ஒரு முழுச் சமூகத்தையே வெளியேற்றத் துணிந்தது. அந்தக் கையால் பட்டவர்கள் நாம். அதன் மீது நமக்கு ஏக்கம் வரலாகாது.

பொலிஸிடம் ஒப்படைத்தால் போதுமா? 2023 நவம்பரில் வட்டுக்கோட்டைப் பொலிஸாரால் கைது செய்யப்பட்ட சித்தங்கேணி இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். அடுத்த மாதம் தொடங்கிய 'யுக்திய' நடவடிக்கையில் ஆயிரக்கணக்கானோர் கைதாகினர், ஐ.நா. மனித உரிமை அலுவலகமே கவலை தெரிவித்தது. தகவல் சொன்னவரின் பெயர் வெளியே போய்விடுமோ என்ற அச்சமும் வெறும் கற்பனையல்ல.

ஆகவே பலர் மௌனத்தைத் தேர்கின்றனர். அதற்கொரு மார்க்க நியாயமும் சொல்கின்றனர்: துருவித்துருவி ஆராயாதீர்கள் என்பது குர்ஆனின் கட்டளையல்லவா? கலீபா உமர் அவர்கள் ஓர் இரவு சுவரேறிக் குதித்து ஒருவரது பாவத்தைக் கண்டுபிடித்ததாகவும், அம்மனிதர் "நான் செய்தது ஒன்று, நீங்கள் செய்தவை மூன்று: உளவு பார்த்தீர்கள், வாசலால் வரவில்லை, அனுமதி கேட்கவில்லை" என்ற பொருள்பட மறுமொழி கூறியதாகவும், உமர் அவரை விட்டுத் திரும்பியதாகவும் ஓர் அறிவிப்பு உண்டு. இமாம் கஸ்ஸாலியும், கதவைச் சாத்திக்கொண்டவரின் வீட்டை நாம் துருவலாகாது என்கிறார். தீமை வெளியே தெரிய வந்தாலே விதிவிலக்கு.

ஆனால் இங்கே ஒரு கேள்வி கேட்கப்படாமல் போகிறது. கதவைச் சாத்தியவர் யார்? சாத்திய கதவுக்குள்ள கண்ணியம் வீட்டுக்காரருடையது. அந்தத் தாயின் கதவை அவளா சாத்தினாள்? அவளது மறைப்பைத் திருடி அதற்குள் ஒளிந்திருப்பவனுக்கு அந்த உரிமையை நாம் வழங்கினால், நாம் காப்பது அவளது மானத்தையல்ல, அவனது வியாபாரத்தை.

அப்படியானால் சுவரேறலாமா? அதுவும் கூடாது. அவளுடைய வாசலால்தான் போக வேண்டும். ஒரு கோப்பை கஞ்சியோடு, பகலில், இரண்டு மூன்று பேராய், அவள் பேசும்வரை அடிக்கடி. அபாயம் தெரிந்தால் கிராம அலுவலர், பள்ளிவாசல் நிர்வாகம், சட்டத்தரணி என்று பலர் அறிய முறையிட வேண்டும். ஒருவர் பெயரில் தனித்துப் போகும் தகவலை விட அது பாதுகாப்பானது. அவளது வீட்டின் படத்தை முகநூலில் போடுவதால் அவளும் குற்றவாளியாவாள்.

இது எளிதென்று நான் சொல்லவில்லை. கத்தியோடு இருப்பவனின் முன்னால் கஞ்சிக் கோப்பை சிறியதுதான். ஆயினும் குயில் வருவது காகம் கூட்டை விட்டு அகன்ற நேரம் பார்த்து. அவன் வந்தது நாம் அவளை விட்டு அகன்ற நேரம் பார்த்து. தண்ணீர் அள்ள ஆளில்லாத கிணற்றடியில்தான் இந்த வியாபாரம் கால்வைத்தது. விழிப்புக்குழு அமைக்கக் கூடுவோர் முதலில் ஒன்றைத் தீர்மானிக்கட்டும்: அவன் பிடிபட்ட மறுநாள் காலை அந்தத் தாய்க்குத் தண்ணீர் அள்ளிக் கொடுக்கப் போவது யார்?